மஞ்சக் கருப்பு

சாயப்பட்டறையின் கழிவுத் தொட்டியைத் திறந்தால் முதலில் வருவது நாற்றம். அழுகிய முட்டையை மூக்குக்குள் உடைத்துவிட்ட மாதிரி இருக்கும். அது நல்லது. நாற்றம் தெரிகிறவரை ஆள் தப்பிக்க வழி உண்டு. சற்று நேரத்தில் நாற்றம் தானாக நின்றுபோனால்தான் ஓட வேண்டும். வாயு குறைந்திருக்காது, மூக்கு செத்திருக்கும்.

திருப்பூரை ஒட்டிய அருள்புரத்தில் ஒரு சாயப்பட்டறையில் இதைக் கண்ணில் படுகிறவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவர் ஆரோக்கியராஜ். பாதுகாப்பும் ஆடிட்டும் அவர் பொறுப்பு. பனியன் வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனிகள் ஆள் அனுப்பிச் சோதிக்கும். தீயணைப்பான் எங்கே, கதவு எந்தப் பக்கம் திறக்கும், ரசாயன டிரம்முக்கு மூடி உண்டா என்று கேட்கும். அவர்களோடு ஆங்கிலத்தில் பேசி அனுப்ப ஒருவர் வேண்டும். அந்த ஆங்கிலம் ஆரோக்கியராஜுக்குக் குருமடத்தில் கிடைத்தது.

தூத்துக்குடிப் பக்கம் கடற்கரைக் கிராமம். பள்ளிக்கூடம் முடித்ததும் குருமடத்தில் சாமியாருக்குப் படிக்கப் போனார். அங்கே இறையியலுக்கு முன்னால் மெய்யியல். கடவுளைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் முதலில் கேள்வி கேட்கத் தெரிய வேண்டும் என்பது ஒழுங்கு. மெய்யியலை முடித்தார், இறையியலுக்குப் போகவில்லை. ஊர்க்காரர்கள் பெண் விவகாரம் என்று நினைத்தார்கள். உண்மையில் ஒரு வீட்டுப் பாடம்தான் காரணம். நீங்கள் நம்புகிற மூன்றை எழுதுங்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே என்ன நடந்தால் அதைக் கைவிடுவீர்கள் என்றும் எழுதுங்கள் என்றார்கள் வகுப்பில். சாயங்காலம் மழை வரும் என்று எழுதினார், எதிரே, வராவிட்டால். என் தம்பி என்னை ஏமாற்ற மாட்டான் என்று எழுதினார். எதிரே ஏதோ எழுதி அடித்தார், மறுபடி எழுதி மறுபடி அடித்தார். மூன்றாவதாகக் கடவுளை எழுதினார். எதிரே இடம் வெறுமையாகவே நின்றது. மற்ற மாணவர்களும் அப்படித்தான் விட்டிருந்தார்கள். அவர்களுக்கு அன்று இரவு தூக்கம் வந்தது. இவருக்கு வரவில்லை.

ஆகவே திருப்பூர். தென்பக்கத்திலிருந்து பிழைக்க வந்த எல்லோரையும் போல அவரும் தையல்காரருக்குக் கைமடித்துக் கொடுத்தார், பீஸ் அடுக்கினார், செக்கிங்கில் நின்றார். பனியன் கம்பெனி செக்கிங் மேசையில் எதிரே நின்ற ஆஷாவைக் கல்யாணம் செய்துகொண்டார். இப்போதும் ஞாயிறு பூசைக்குப் போகிறார். போய் என்ன செய்கிறீர்கள் என்று ஆஷா கேட்டால், "ஒக்காந்திருப்பேன்" என்பார். பட்டறையில் அவருக்குப் பெயர் சாமியார்.

அந்தப் பட்டறையின் பின்பக்கம், கழிவுத் தொட்டிக்குப் பக்கத்துச் சுவரில், ஒரு செங்கல் மேடை. அதன்மேல் எண்ணெய் ஏறிய கல். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்த மூக்கையா நட்டது. சொந்த ஊர்க் கோயிலில் பிடிமண் எடுத்து வந்து, கல்லுக்கு அடியில் வைத்து, கருப்பசாமியை இங்கே கொண்டுவந்துவிட்டார். மூக்கையாவுக்கு வேலை தொட்டி. அடைத்துக்கொள்ளும் மோட்டார் குழாயை உள்ளே இறங்கிச் சரிசெய்வார். மேலே கயிறு பிடிப்பது அவருடைய அக்கா மகன் ஜெயபாண்டி.

இறங்கும் முன் சூடம் காட்டி ஏதோ முணுமுணுப்பார். காற்றூதியைத் தொட்டிக்குள் ஓட விடுவார். பிறகு மூடியருகே குந்தி உட்கார்ந்து மூக்கை நீட்டி நீட்டிப் பார்ப்பார். பிடிக்காவிட்டால் எழுந்து போய்விடுவார். "இன்னைக்கு வேணாம். எனக்கென்னமோ சரியாப் படல" என்பார். முதலாளி பூபாலன் எவ்வளவு சொன்னாலும் அன்று இறங்க மாட்டார். அப்படி அவர் எழுந்துபோன நாட்கள் நிறைய உண்டு.

ஆடிட்டுக்காக ஒரு வாயு மீட்டர் வாங்கினார்கள். உள்ளங்கையில் அடங்கும் மஞ்சள் டப்பா. தொட்டியில் ஊறும் அந்த ஒரு விஷ வாயுவை மட்டும் அளந்து எண்ணில் காட்டும், அளவு மீறினால் கத்தும். ஆடிட் முடிந்ததும் மேல் ஒட்டிய பிளாஸ்டிக் தாளைக்கூட உரிக்காமல் அலமாரியில் போட்டுவிட்டார்கள். ஆரோக்கியராஜ் அதை எடுத்துக்கொண்டு மூக்கையாவிடம் போனார்.

"இது எந்த ஊர்ச் சரக்கு?" என்றார் மூக்கையா.

"சைனா."

"சைனாக்காரன் நம்ம தொட்டிய மோந்து பாத்திருக்கானா? போய்யா அங்கிட்டு."

ஜெயபாண்டி விழுந்து விழுந்து சிரித்தான். மீட்டர் அலமாரிக்குத் திரும்பியது.

ஒரு ஞாயிறு பூசையில்தான் ஆரோக்கியராஜுக்கு அந்த யோசனை வந்தது. பூசை முடிந்து சனம் வாசலோரப் புனிதர் சொரூபத்தின் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு நகர்ந்தது. ஒருவர்கூடத் தொடாமல் போகவில்லை. பாதுகாப்பு விதியை ஒட்டி வைத்திருக்கிற பலகையை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இந்தக் காலைத் தொடாமல் யாரும் வெளியே போவதில்லை. மதிக்கிற பொருளைத்தான் மனிதன் நம்புவான் என்று அவருக்குத் தோன்றியது. நம்பிக்கையைப் பற்றி அவ்வளவு படித்தது இதற்குத்தான் போலும் என்றும் தோன்றியது.

மறுநாள் செங்கல் மேடையில், கருப்பசாமிக்குப் பக்கத்தில், ஒரு சின்னப் பலகை அடித்து மீட்டரை வைத்தார். மூக்கையா வந்து பார்த்தார். 

"என்ன சாமியாரே, இவரையும் நம்ம பக்கம் சேத்துட்டீரா?"

"பெரியவருக்குக் காட்டுத சூடத்த இவருக்கும் காட்டிட்டு, கையோட எடுத்துட்டுப் போய் உள்ள எறக்கிப் பாருங்கண்ணே. அவ்வளவுதான்."

மூக்கையாவுக்கு அது பிடித்துப்போயிற்று. அன்றே பெயரும் வைத்தார்: மஞ்சக் கருப்பு.

அதற்குப் பிறகு மீட்டர் இல்லாமல் மூடி திறக்கப்படவில்லை. திறந்ததும் கயிற்றில் கட்டி இறக்குவார்கள். மூன்று காட்டும், ஐந்து காட்டும். காற்றூதி ஓட ஓடக் குறையும். ஒருமுறை கத்தியது. எல்லோரும் பின்வாங்கிக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். மறுநாள் வரை யாரும் இறங்கவில்லை. ஆடிட்டுக்கு வந்த அம்மாள் மேடையைப் படம் எடுத்துக்கொண்டு போய்த் தன் மேலதிகாரிகளுக்குக் காட்டினாள். பூபாலன் தோளில் தட்டினார். ஆரோக்கியராஜ் கொஞ்சம் நிமிர்ந்து நடந்தார்.

கோளாறு சின்னச் சின்னதாக வந்தது. செருப்புக் காலோடு மீட்டரைத் தொட்டவனை ஜெயபாண்டி அடிக்கப் போனான். அளவு சரிபார்க்கக் கம்பெனிக்காரர் வந்தது ஓர் அமாவாசை. அன்று எடுக்கக்கூடாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மாதம் ஒருமுறை மீட்டரின் முகத்தில் ஒரு சின்ன டப்பாவிலிருந்து அதே விஷ வாயுவைக் கொஞ்சம் பீய்ச்சிப் பார்க்க வேண்டும். கத்தினால் மீட்டர் உயிரோடு இருக்கிறது. மூக்கையாவுக்கு அது பொறுக்கவில்லை.

"சாமிக்கு வெசத்தக் காட்டிச் சோதிக்கிறதா? உங்க கோயில்ல இப்படிச் செய்வீரா?"

 எப்படியும் மீட்டரை எடுத்துத்தானே போகிறார்கள், நன்றாகத்தானே வேலை செய்கிறது என்று ஆரோக்கியராஜ் டப்பாவை அலமாரியில் வைத்துப் பூட்டினார். பிறகு அதை எடுக்கவில்லை. மூக்கையாவும் மூடியருகே குந்தி மூக்கை நீட்டுவதை நிறுத்தியிருந்தார். அதை ஆரோக்கியராஜ் பார்த்தார். நல்லதுக்குத்தான் என்று நினைத்தார்.

ஆயுதபூஜை வந்தது. திருப்பூரில் அன்றைக்குப் பொட்டு வைக்காத இயந்திரம் கிடையாது. பட்டறையைப் பெருக்கித் துடைக்கும் முத்தாத்தாள் கிண்ணம் நிறையச் சந்தனம் குழைத்துக்கொண்டு சாய மெஷின், பாய்லர், தராசு, லாரி எல்லாவற்றுக்கும் வைத்துக்கொண்டே வந்தாள். மீட்டரின் முகத்தில் ஒரு சின்ன வட்டம், அதில் சல்லடைக் கம்பி. காற்று அதன் வழியாகத்தான் உள்ளே போகும்.

"இது நெத்தி மாதரயே இருக்குதுங்க சாமி" என்று சொல்லி, கட்டைவிரலால் அந்த வட்டம் முழுக்கச் சந்தனத்தை அழுத்தி, நடுவில் குங்குமம் வைத்தாள். ஆரோக்கியராஜ் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். சிரித்தார். பொரியும் சுண்டலும் பொட்டலமாகக் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

அதற்குப் பிறகு விடுமுறை. பட்டறை ஓடாதபோது தொட்டி சும்மா இருப்பதில்லை. சாயம் ஏற்றக் கொட்டுகிற உப்பு, அடியில் தங்கிய சேறு, மூடிய மூடி, அசையாத தண்ணீர். இருட்டில் அது பாட்டுக்கு வாயுவைச் சமைத்துக்கொண்டிருக்கும்.

விடுமுறை முடிந்த காலை வானம் மூடிக் கிடந்தது. மழை வரும்போல இருந்து வரவில்லை. ஓர் இலை அசையவில்லை. மோட்டார் அடைத்துக்கொண்டது. தொட்டியில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. அது வெளியேறாவிட்டால் சாயம் ஓட்ட முடியாது. சிவப்புத் துணி ஒரு லாட் பாதியில் நின்றது. பூபாலனே தொட்டிப் பக்கம் வந்துவிட்டார். வேலை இல்லாமல் நின்ற ஆட்களும் சுற்றி நின்றார்கள். மாலை வாடிக் கிடந்த மேடைக்கு முன்னால் எல்லோரும் வெறுங்காலோடு.

"ஏனுங்க மூக்கையா, வெரசாப் பாத்தா ஆவுமுங்க. துணி ஊறிட்டே கெடக்குது" என்றார் பூபாலன்.

ஜெயபாண்டி மூடியைத் தூக்கினான். நாற்றம் எல்லோரையும் பின்னுக்குத் தள்ளியது. மூக்கையா மட்டும் நகரவில்லை. பெரிய கருப்புக்குச் சூடம் காட்டினார், மஞ்சக் கருப்புக்குக் காட்டினார், கயிற்றில் கட்டி இறக்கினார், எடுத்தார். எண்ணைப் பார்த்தார். திருப்பி எல்லோருக்கும் காட்டினார்.

பூஜ்யம்.

"சுத்தம்" என்றார் பூபாலன். "பூஜை போட்ட கையோட எப்படி இருக்குது பாருங்க."

ஆரோக்கியராஜ் எண்ணை மறுபடி பார்த்தார். காற்றூதியை இன்னும் போடவே இல்லை. திறந்த உடனே இந்தத் தொட்டி பூஜ்யம் காட்டி அவர் பார்த்ததில்லை. நாள் தவறாமல் ஓடுகிற காலத்திலேயே குறைந்தது மூன்று காட்டும். மூடியே கிடந்த தொட்டி, இவ்வளவு நாற்றம், பூஜ்யம். வீட்டு ஷெல்ஃபில் வைத்திருந்தாலும் அது இதைத்தான் சொல்லியிருக்கும்.

மூக்கையா இடுப்பில் கயிறு கட்டிய பட்டையை மாட்டிக்கொண்டு மூடியருகே உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டார்.

"இப்ப நாத்தம்கூட நின்னுபோச்சுய்யா" என்றார் சந்தோஷமாக. "வழி விட்டாச்சு."

"அண்ணே, எந்திரிங்க. நாத்தம் நின்னா ஓடணும்னு சொல்லிருக்கேன்லா."

"என்னவாம்?"

"ஒரு நிமிசம் பொறுங்க. மீட்டரு தப்பாக் காட்டுதோன்னு சந்தேகமா இருக்கு."

மூக்கையா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "சாமி தப்பாச் சொல்லுமா? நீதானய்யா கொண்டாந்து அங்க வெச்ச?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஆரோக்கியராஜ் சிரிக்கவில்லை. அவருக்கு அந்த வெற்று இடம் ஞாபகம் வந்தது, என்ன நடந்தால் கைவிடுவீர்கள் என்ற கேள்விக்கு எதிரே இருந்த இடம். மழைக்கு அந்த இடத்தில் எழுதப் பதில் இருந்தது. மீட்டரும் மழை வகைதான். பொய்க்கக்கூடியது, பொய்த்தால் தெரியவேண்டியது. அதை எடுத்துக் கடவுளுக்குரிய மூன்றாவது வரிசையில் உட்கார வைத்தது அவர்தான்.

"பெரியவருக்குச் சூடம் காட்டுனீங்களே. உள்ள வாயு இல்லன்னு அவரு சொன்னாரா?"

"அவர்ட்ட எதுக்குய்யா அதக் கேக்கணும்?"

"பின்ன என்ன கேட்டீங்க?"

"ஒண்ணும் கேக்கல. உள்ள போறேன், கூட வாங்கன்னேன். தெனமும் அதான சொல்றேன்."

இத்தனை வருஷமாக அந்தக் கல் ஒரு நாளும் அளவு சொன்னதில்லை. அதை யாரும் கேட்டதும் இல்லை. மூக்கையா கருப்பசாமியைக் கூட்டிக்கொண்டு போனார்; பயத்தையும் கூட்டிக்கொண்டு போனார். இரண்டும் அவருக்குள் சண்டை போடாமல் இருந்தன. பயம் சொன்ன நாட்களில் எழுந்து போனார். தெய்வ நம்பிக்கையை மூடத்தனமான அளவுகோல் என்று எண்ணி, அதற்குப் பதிலாக நல்ல அளவுகோல் ஒன்றைக் கொண்டுவந்து வைத்துவிட்டதாக ஆரோக்கியராஜ் நினைத்திருந்தார். அது அளவுகோலாகவே இருந்ததில்லை. பட்டறையில் இருந்த ஒரே மூடநம்பிக்கை மஞ்சள் நிறத்தில், அவர் அடித்த பலகையின்மேல் இருந்தது. அது வந்து பயத்தை எடுத்துக்கொண்டு போயிருந்தது.

"ஏனுங்க சாமியாரே, பேச்சு அப்பறம் வெச்சுக்கலாமுங்க" என்றார் பூபாலன்.

ஆரோக்கியராஜ் மீட்டரைக் கையில் எடுத்தார். சல்லடை வட்டத்தின்மேல் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. போன வருஷம் பக்கத்து யூனிட்டில் அவருடைய சர்ச் பங்கைச் சேர்ந்த மெக்கானிக் ஒருவன், பெல்ட் வழுக்குகிறது என்று மெஷினில் இருந்த பொட்டைத் துடைத்துவிட்டு, கூட்டத்துக்கு நடுவில் மன்னிப்புக் கேட்டுவிட்டு வேலையை விட்டுப் போனது அவருக்குத் தெரியும். இங்கே நின்றவர்களுக்கும் தெரியும். கைக்குட்டையைத் தண்ணீரில் நனைத்தார்.

"பொட்ட அழிக்கறாருங்க" என்றாள் முத்தாத்தாள். அவள் சத்தம் போடவில்லை. அதனால் எல்லோருக்கும் கேட்டது.

அவர் அழுத்தித் துடைத்தார். குங்குமம் கைக்குட்டையில் சிவப்பாக ஊறியது.  மீட்டரைக் கயிற்றில் கட்டித் தானே இறக்கினார். சற்றுப் பொறுத்து எடுத்தார்.

பூஜ்யம்.

மேலே இருந்த சந்தனம்தான் போயிருந்தது. கம்பி இடுக்குக்குள் இறங்கி இறுகினது அப்படியே இருந்தது. அது அவருக்குப் பிறகுதான் தெரியவந்தது. அந்த நேரத்தில் கையில் இருந்தது ஒரு சந்தேகம் மட்டும். எதிரே ஒரு கூட்டம்.

"பாத்தீங்களா?" என்றார் பூபாலன். குரல் தணிந்திருந்தது, அவர் கோபப்பட்டால் அப்படித்தான். "தொடச்சும் அதத்தானுங்க சொல்லுது. இப்பத் திருப்தியாங்க? நாங்க உங்க கோயலுக்கு வந்தா இப்படிச் செய்வமா?"

"முதலாளி, காத்தூதியப் போடச் சொல்லுங்க. அலமாரியில இருக்க டப்பாவ எடுத்து இதுல பீய்ச்சிப் பாக்கேன், பக்கத்து டையிங்குல இருந்து இன்னொரு மீட்டரும் வாங்கியாரேன். அதுவரைக்கும் யாரும் எறங்க வேண்டாம்."

"எறங்க வேண்டாமுன்னா?"

"எனக்குத் தெரியல. அதனாலதான் சொல்லுதேன்."

தெரியவில்லை என்று ஒருவர் சொல்வதை அந்தக் கூட்டம் ஒரு காரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர்கள் மூக்கையாவைப் பார்த்தார்கள்.

மூக்கையாவின் முகம் மாறியிருந்தது. கேலி போய்விட்டது. அவர் பார்வை ஆரோக்கியராஜின் கையில் இருந்த சிவந்த கைக்குட்டையின்மேல் இருந்தது.

"சாமியாரே, உனக்கு நம்பிக்கை இல்ல, அது உன் பாடு. எனக்கு இருக்கு. அத இப்ப எல்லாரும் பாக்கணும்."

ஆரோக்கியராஜ் அவர் தோளைப் பிடித்தார். துணி நழுவியது. மூக்கையா ஏணியில் இறங்கினார். அவர் மார்பு மறைந்தது, தலை மறைந்தது. உள்ளேயிருந்து ஏணிக் கம்பியில் செருப்பில்லாத கால் படும் சத்தம் வந்தது. பிறகு அது வரவில்லை.

"மாமா" என்றான் ஜெயபாண்டி.

கயிறு விறைத்தது.

ஜெயபாண்டி கயிற்றை விட்டுவிட்டு ஏணியில் கால் வைத்தான். ஆரோக்கியராஜ் அவன் இடுப்பைக் கட்டிப் பிடித்துப் பின்னால் இழுத்துத் தரையில் விழுந்தார். தொட்டியில் சாகிறவர்களில் பாதிப்பேர் காப்பாற்றப் போனவர்கள் என்பது அவர் எல்லோருக்கும் சொல்லிச் சொல்லிச் சலித்த இன்னொன்று. அவன் அவர் முகத்தில் முழங்கையால் குத்தினான். அவர் விடவில்லை. "கயிறு, கயித்த இழுங்க" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். தொட்டி வாய்க்கு மேல் நின்ற மூன்று கால் இரும்புத் தாங்கியில் கயிறு ஓடியிருந்தது. ஆடிட்டுக்காக வாங்கிய இன்னொரு சாமான் அது. அதற்கு யாரும் பெயர் வைத்திருக்கவில்லை. பூபாலனும் வேலையாட்களும் பிடித்து இழுத்தார்கள். மூக்கையா ஒரு மூட்டையைப்போல மேலே வந்தார். உதடு நீலம்.

மார்பை அழுத்தி மூச்சு வரவைத்து, வேனில் போட்டுக்கொண்டு போனார்கள். மேடையில் சூடம் எரிந்து அணைந்திருந்தது. மீட்டர் தரையில் கிடந்தது. அப்போதும் பூஜ்யம் காட்டிக்கொண்டிருந்தது.

மூக்கையா பிழைத்துக்கொண்டார். நடந்ததற்கு இரண்டு காரணங்கள் பட்டறையில் சொல்லப்பட்டன. பொட்டை அழித்ததால் சாமி கோபித்துத் தள்ளிவிட்டது என்றார்கள் ஒரு சாரார். பெரிய கருப்பு கைகொடுத்துத் தூக்கியது என்றார்கள் இன்னொரு சாரார். இரண்டையும் ஒரே ஆள் சொல்வதையும் ஆரோக்கியராஜ் கேட்டார். அளவு சரிபார்ப்பவரை வரவழைத்து மீட்டரைத் திறக்க வைத்தார். சல்லடைக்குப் பின்னால் சந்தனம் சிமெண்ட் மாதிரி இறுகியிருந்தது. அதை அப்படியே பூபாலனின் மேசைமேல் வைத்தார்.

பூபாலன் அதைத் திருப்பிப் பார்த்தார். நல்ல மனிதர், ஆஸ்பத்திரிச் செலவு முழுக்க அவருடையது.

"அப்ப இது பின்னமாயிருச்சுங்க" என்றார். உடைந்த சிலையைச் சொல்வதுபோல. "வேற ஒண்ணு வாங்கீரலாமுங்க. வெள்ளிக்கெழம நல்ல நாளு."

ஆரோக்கியராஜ் ஆஸ்பத்திரிக்குப் போனபோது மூக்கையா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஜெயபாண்டி இவரைக் கண்டதும் எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டான். இவர் தாடையில் அவன் குத்திய வீக்கம் இன்னும் இருந்தது. மூக்கையாவின் குரல் தேய்ந்து காற்றாக வந்தது. கண் இன்னும் சிவந்திருந்தது. பேசுவதற்கு இடையில் எதையோ தேடுவதுபோலச் சுற்றும் முற்றும் பார்த்தார்.

"முதலாளி சொன்னாரு. பின்னமாயிருச்சாமே."

"ம்."

"ஆத்துல விட்ரு. வீட்டுல கீட்டுல வெச்சுக்காத." மூச்சு வாங்கினார். "புதுசு வந்துருச்சா?"

"வந்திருக்கு."

"நான் வர்றதுக்குள்ள பெரியவரு பக்கத்துல வெச்சிரு. இந்தத் தடவ பொட்டு ஓரமா வெக்கச் சொல்லு."

ஆரோக்கியராஜ் கட்டிலின் இரும்பைப் பிடித்துக்கொண்டார். அங்கே வரும் வழியெல்லாம் இதைச் சொல்லத்தான் ஒத்திகை பார்த்தார்.

"வெக்க மாட்டேண்ணே. அது மேடைக்கு வராது. அலமாரியில இருக்கும். மாசாமாசம் அதுக்கு வெசத்தக் காட்டிச் சோதிப்பேன். நீங்க திட்டினாலும் சோதிப்பேன். ஏன்னா அது சாமி இல்ல. அது தப்பாச் சொல்லும்."

மூக்கையா கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்று நினைத்தார் இவர். பக்கத்துக் கட்டிலில் யாரோ இருமினார்கள். வெளியே மழை பிடித்துக்கொண்டிருந்தது.

கண்ணைத் திறக்காமலே மூக்கையா கேட்டார். "தப்பாச் சொல்றத நம்பியாய்யா என்னைய உள்ள எறங்கச் சொல்ற?"

குருமடத்தில் யாரும் அவரிடம் இதைக் கேட்டதில்லை. பொய்க்கக்கூடியது என்பதால்தான் அதை நம்ப முடிகிறது என்று சொல்லலாம். அது சரியான பதில்தான். ஒரு பாதி செத்த மனிதரிடம் அதைச் சொல்லிப் பார்க்க அவருக்கு வாய் வரவில்லை. மழைத் தண்ணீர் பட்டறையின் பின்பக்க வாய்க்காலில் ஓடித் தொட்டிக்குள் இறங்கும், சேறு திரளும், மோட்டார் மறுபடி அடைக்கும். யாராவது இறங்க வேண்டும். மூக்கையாவுக்கு வேறு தொழில் தெரியாது.

"ஆமாண்ணே" என்றார்.

 மூக்கையா தலையைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவர் மூக்கு விரிந்து சுருங்குவது தெரிந்தது. எதையோ மோந்து பார்க்கிறார், ஒன்றும் தெரியவில்லை என்பதுபோல மறுபடி மோந்து பார்க்கிறார். வாயு சில நேரம் மோப்பத்தைத் திருப்பித் தராமலே போய்விடும் என்று டாக்டர் காலையிலேயே ஆரோக்கியராஜிடம் சொல்லியிருந்தார்.